சட்டப்படி ஒரு சோடி

"கட்டின மனிசி குத்துக்கல்லு மாதிரி இருக்க, இன்னொருத்தன்ரை மனிசியோடை படம் எடுத்து ஊரெல்லாம் குடுக்கிறார் உன்ரை மனிசன்! நீ பாத்துக்கொண்டு இருக்கிறாய்!"

நனைந்த குடையை மடக்கும் முன்பே அந்தப் பெண் தொடங்கிவிட்டாள். பாரிசின் லா சப்பலில் பேர்ளி வேலை செய்யும் சேலைக்கடையில் இரண்டு நாளாக இதே கூத்துத்தான். சேலை வாங்க வருபவர்களை விட, ஆறுதல் சொல்ல வருபவர்கள் அதிகம்.

மூலையில் ஸ்டூலில் இருந்த பிலோமினா தலையைக் குனிந்துகொண்டாள். பேர்ளியின் புருசன் வின்சன்ற் அவளுடைய ஒரே தம்பி. அடுத்த மாதம் நடக்கப்போகும் மாவட்டத் தேர்தலில் அவர்கள் எல்லாரும் குடியிருக்கும் புறநகரான லெ பிளாங்-மெனிலில் நிற்கிறான். 2015இல் புதிதாக நடைமுறைக்கு வந்த சட்டம், தனியே நிற்க முடியாதாம். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சோடியாகத்தான் நிற்க வேண்டுமாம். சரி, நில்லேன்! ஊரில் இல்லாத பெண்ணா? போயும் போயும் அலெக்சிசின் மனைவி கஜானியைப் பிடித்தான். துண்டுப் பிரசுரத்தில் இருவரும் தோளோடு தோள் உரசி, கலியாண அல்பம் மாதிரிச் சிரிக்கிறார்கள். கோழிக்கடைக்காரர், "கலியாணம் எப்ப முடிஞ்சது, சொல்லவேயில்லை?" என்று வின்சன்ற்றுக்குக் கை கொடுத்தாராம்.

காலையில் தம்பி தொலைபேசியில் அழாத குறை.

"அக்கா, பேர்ளி ஒரு கிழமையா என்னோடை கதைக்கேல்லை. நாளைக்குத்தான் தேர்தலுக்குப் பேர் குடுக்கக் கடைசி நாள். அவள் சனத்துக்கு முன்னாலை வாயைத் திறந்தாளெண்டால் நான் துலைஞ்சன். நீதான் போய்ச் சமாளிக்கவேணும்."

சமாளிக்க இந்தச் சனம் விட்டால்தானே!

"நான் உன்ரை பக்கம், பிள்ளை," என்றாள் குடைக்காரி.

"அக்கா எங்கை இருக்கிறியள்?"

"ஸ்தேனிலை."

"ஓ, அது வேறை ஊரெல்லே," என்றாள் பேர்ளி. சேலையைப் பையில் போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

அடுத்து வந்த கலாவதி, லெ பிளாங்-மெனில்காரி. அவளுக்குத் தேநீரே வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி மட்டும் என்ரை பக்கம் நிப்பியளோ அக்கா? வீட்டிலை அண்ணையும்?" என்று பேர்ளி கேட்ட விதத்தில் பிலோமினாவுக்கே கண் கலங்கியது. பாவம், துக்கத்தில் பக்கத்து மனிதரைத்தான் மனம் தேடுகிறது.

ஆனால் அலங்காரத்துக்குக் குறைவில்லை. மயில் நீலப் பட்டு, தலையில் பூ, உதட்டில் சாயம். புருசனைத் திரும்பப் பிடிக்கத்தான் இந்த எடுப்பு என்று பிலோமினா நினைத்துக்கொண்டாள்.

பக்கத்துப் பலசரக்குக் கடைத் தில்லையம்பலம் விடுப்புப் பார்க்கத் தலையை நீட்டினார்.

"வின்சன்ற்றை ஏன் பேசுறியள்? எங்கடை ரூ பஜோல் கோயில் பிள்ளையாரும் தேரிலை தனியத்தான் வாறவர். இந்தச் சட்டப்படி அவரே தேர்தலிலை நிக்கேலாது!"

"நீங்கள் போய்ப் பருப்பை நிறுங்கோ!" என்று அவரைத் துரத்திவிட்டு, பிலோமினா பேர்ளியிடம் வந்தாள்.

"தம்பி அப்பிடிப்பட்டவன் இல்லை, பேர்ளி. கஜானி அவனை அண்ணை எண்டுதான் கூப்பிடுறவள்."

"நான் சந்தேகப்பட்டனெண்டு ஆர் சொன்னது மச்சாள்?"

"பின்னை ஏன் இந்தக் கோவம்?"

"பத்து வருசமா அவரின்ரை கூட்டங்களுக்கு வாற சனத்துக்குத் தின்ன ரோல்ஸ் சுத்தினது நான். குளிருக்குள்ளை போஸ்டர் ஒட்டினது நான். இந்த முறை, 'உங்களோடை நான் நிக்கட்டோ' எண்டு கேட்டனான். சிரிச்சவர், மச்சாள். 'உன்ரை பிரெஞ்சுக்கு ஆர் வோட்டுப் போடுவினம்' எண்டு விழுந்து விழுந்து சிரிச்சவர்." பேர்ளியின் குரல் உடைந்தது. "ரோல்ஸ் சுத்த பேர்ளி, படத்துக்கு நிக்க கஜானி."

பிலோமினாவுக்குத் தம்பி மேல் பற்றிக்கொண்டு வந்தது. எருமை! இதை அவன் தொலைபேசியில் சொல்லவில்லையே.

"அழாதை. தம்பியெண்டாலும் பிழை பிழைதான். நான் உன்ரை பக்கம்."

"உண்மையாவோ மச்சாள்?"

"மடு மாதா மேலை ஆணை!"

"உங்கடை பிள்ளையள்?"

"அவையளும்தான். நான் சொன்னால் கேப்பினம்."

பேர்ளியின் கண்ணீர் நின்ற வேகத்தைப் பார்த்து பிலோமினா ஒருகணம் திகைத்தாள்.

அப்போதுதான் கதவு திறந்தது. கோட்டும் சூட்டுமாக அலெக்சிஸ்! கஜானியின் புருசன். வின்சன்ற் மேல் இருக்கும் ஆத்திரத்தை இங்கே கொட்டத்தான் வந்திருக்கிறான். பிலோமினா பாய்ந்து குறுக்கே நின்றாள்.

"தம்பி, என்ன எண்டாலும் வெளியிலை வைச்சுக் கதைப்பம். அவளே நொந்துபோய் இருக்கிறாள்."

அலெக்சிஸ் அவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.

"பேர்ளியக்கா, வெளிக்கிட்டாச்சோ? ஸ்டூடியோக்காரர் பாத்துக்கொண்டிருக்கினம். இண்டைக்குப் படத்தை எடுத்தால்தான் நாளைக்குப் பேர் குடுத்த கையோடை போஸ்டருக்குக் குடுக்கலாம்."

பேர்ளி சேலைத் தலைப்பைச் சரிசெய்து, அலெக்சிசுக்குப் பக்கத்தில் போய், தோளோடு தோள் உரச நின்று பார்த்தாள்.

"சோடி சரிதானே, மச்சாள்? வோட்டுப் போடேக்கை மடு மாதாவை மறந்திடாதேங்கோ."