நூல் காட்டும் காற்று

பூந்தமல்லிச் சாலையில் காலை வெயில் ஏறுகிறது. நாடக ராஜபார்ட் உலகநாதன் மோட்டார் சைக்கிளை ஓட்டுகிறார். தூரம் போனால் எதிர்க்காற்றில் அவர் குரல் கம்மிவிடும். இன்றைக்கு ஆற்காட்டில் நாடகம். சைடுகாரில் உட்கார்ந்திருக்கும் மெக்கானிக் நஜீர், உலகநாதனுக்கு முன்னிருக்கும் காற்றுத்தடுப்புக் கண்ணாடியின் மேல்விளிம்பில் தான் கட்டிய நூல்களையே பார்க்கிறான். நூல் பறக்கும் திசைதான் காற்றின் பாதை. இந்தக் குட்டைக் கண்ணாடியில் அவை நேராக உலகநாதனின் கழுத்தை நோக்கி நீள்கின்றன. "அண்ணாத்தே, காத்து உன் தொண்டையிலயே ஊடு கட்டிகினு கீது!" வண்டியை நிறுத்தச் சொல்லி, சைடுகாரில் கொண்டுவந்த உயரமான கண்ணாடியை மாட்டிச் சற்றே பின்னால் சாய்க்கிறான். மறுபடி கிளம்பியதும், சாய்வில் ஏறும் காற்றோடு நூல்கள் தலைப்பாகைக்கு மேலே எழும்பித் துடிக்கின்றன. உலகநாதன் வாய் திறந்து உச்சஸ்தாயியில் ஒரு பாட்டை நீளமாக இழுக்கிறார். குரல் பிசிறவில்லை. "போதும் அண்ணாத்தே, ஆற்காட்டுக்குக் கொஞ்சம் மிச்சம் வையி!"