வாசற்படியில் நீட்டிய கால்

நடுக்குவாதம் வந்தபின் அப்பாவின் பாதங்கள் எந்த வாசற்படியிலும் ஒட்டிக்கொண்டன. "குறுக்கே உங்க காலை நீட்டுங்கம்மா, தாண்டிடுவார்" என்றார் டாக்டர். மகள் செண்பகவல்லி நீட்டினாள். அப்பா தாண்டி வெளியே வந்தார். உடனே திரும்பி நின்றார். பிள்ளையின் காலைத் தாண்டினால் பிள்ளை வளராது, திரும்பத் தாண்டிவிட வேண்டும். அப்படித் தாண்டி மறுபடி அறைக்குள்ளேயே போய்விட்டார். நான்கு மாதமாக இதே கதைதான்.

"எனக்கு அம்பத்தொரு வயசாச்சுப்பா. இனி எங்க வளரப்போறேன்?"

இன்று ஆஸ்பத்திரிக்குப் போக வந்த ஆட்டோ மூன்றாம் முறை ஹாரன் அடித்தது. அவள் கதவில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு மறுபடி காலை நீட்டினாள். நேரம் போனது. கண்ணைத் திறந்தபோது அப்பா குனிந்து அவள் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கால் வீங்கியிருக்கேம்மா" என்றவர், அதைத் தாண்டவில்லை.