வெறும் உப்பு

“வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த அக்காவைக் கூட்டிட்டு வந்து கேமரா முன்னாடி நிறுத்துங்க மேடம். இல்லைன்னா உங்க உப்பு பாக்கெட்டுக்கு மூடுவிழாதான்” என்றார் விற்பனை மேலாளர்.

சிப்ஸ் கம்பெனியில் சந்தை ஆய்வுப் பிரிவு அவள் பொறுப்பு. ஆனால் அவள் காதில் விழாதபோது அலுவலகம் முழுக்க அவளுக்கு ‘உப்பு மேடம்’ என்றுதான் பெயர். ஊர் உலகமே சீஸ், மிளகாய், எலுமிச்சை, வெங்காயம் என்று வாரத்துக்கு ஒரு ருசியின் பின்னால் ஓடிக்கொண்டிருக்க, வெறும் உப்பு மட்டும் தூவிய பழைய பாக்கெட்டை நிறுத்தவே கூடாது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் மல்லுக்கு நிற்பவள் அவள் ஒருத்திதான். விற்பனையோ ஆறு வருடமாகச் சரிந்துகொண்டே வந்தது. ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்டால், நல்ல பொருள் என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

கடைசி முயற்சியாக ஒரே ஒரு வாய்ப்பைக் கெஞ்சி வாங்கியிருந்தாள். அந்த பாக்கெட் முதன்முதலில் விற்பனைக்கு வந்தது பழைய ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த நாலே நாலு தெருக்களில்தான். அங்கே வளர்ந்த எட்டுப் பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, சின்ன வயது ஞாபகங்களைப் பேச வைத்தாள். மேலாளர்கள் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டார்கள். ஏழு பேர் பேசி முடித்தபோது மேலாளர்களில் இரண்டு பேர் கொட்டாவி விட்டதைச் சொல்லக் கூடாது, ஆனாலும் விட்டார்கள்.

எட்டாவது ஆள், சாவி செய்கிறவர். வயது நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த குட்டைச் சுவரில் தினமும் சாயங்காலம் தானும் அக்காவும் ஏறி உட்கார்வதைப் பற்றிச் சொன்னார். அக்கா பாக்கெட்டைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் பிரிப்பாளாம். தம்பிக்கு இரண்டு, தனக்கு ஒன்று. அந்த ஒன்றையும் உடைந்ததாகப் பார்த்து எடுத்துக்கொள்வாளாம். கடைசியில் பாக்கெட்டைப் புனல் மாதிரி மடித்து, அவனை அண்ணாந்து வாயைத் திறக்கச் சொல்லி, தூளையெல்லாம் அதில் கொட்டுவாளாம். அப்புறம் தன் சட்டைக் கையாலேயே அவன் வாயைத் துடைத்துவிடுவாளாம்.

கண்ணாடிக்குப் பின்னால் மேலாளரே மூக்கை உறிஞ்சினார். ‘ருசி எப்படி இருந்தது?’ என்பதுதான் அவள் அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி. முந்நூறு கூட்டம் நடத்தியவள், அன்று அதைக் கேட்கவே மறந்துபோனாள்.

நிஜமான அந்த அக்காவையும் தம்பியையும் வைத்தே விளம்பரம் எடுப்பது, எடுபட்டால் பாக்கெட் பிழைக்கும் என்று அன்றே முடிவாகிவிட்டது. வெள்ளிக்கிழமைக் கெடு வைத்து, சாவிக்காரரிடம் அவளையே போய்ப் பேசிவிட்டு வரச் சொன்னார்கள். சொல்லாவிட்டாலும் போயிருப்பாள்.

சாவிக் கடை ஒரு அலமாரி அளவுதான். அவர் உள்ளே இருந்தால் அவர் நிழல் வெளியேதான் நிற்க வேண்டும். அக்கா எங்கே என்று கேட்டதும், வெளிநாட்டில் என்றார். போன் நம்பர் கேட்டதும், அக்காவுக்கு கேமரா என்றால் பிடிக்காது என்றார். அவள் விடவில்லை. கடைசியில் அக்காவுக்கு மூட்டுவலி வந்துவிட்டது.

அவள் வாசலில் கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“விளம்பரம் கிடக்கட்டும் சார். நீங்க சொன்னது நிஜமா? எனக்கு அது ஒண்ணு மட்டும் தெரியணும்.”

அவர் சாவி வெட்டும் மெஷினை நிறுத்தினார்.

“நடந்ததெல்லாம் நிஜம்தான் மேடம். ஆனா எனக்கு நடக்கலை.”

தொட்டிக்கு எதிரே அப்போது ஒரு அனாதை இல்லம் இருந்தது. அதன் மாடி ஜன்னல்தான் அவர் இடம். கீழே அந்தப் பெண்ணும் பையனும் வந்து உட்காருவதை ரெண்டு வருடம், ஒரு நாள் விடாமல் பார்த்திருக்கிறார். அவருக்கு அக்காவும் கிடையாது, யாரும் கிடையாது.

“எல்லாரும் சொல்லிட்டு வந்தாங்க. என் முறை வந்ததும், எனக்குச் சொல்ல ஒண்ணுமே இல்லைன்னு சொல்லக் கூச்சமா இருந்தது. அந்தப் பையன் இடத்துல நான் ஏறி உக்காந்துட்டேன். ருசியைப் பத்தி ஒரு வார்த்தைகூட நான் சொல்லலை, கவனிச்சீங்களா? ஜன்னல்லேர்ந்து அது மட்டும் தெரியாது.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கோபம்தான் என்று நினைத்து அவர் மன்னிப்புக் கேட்டார். தன்னால் அவள் பாக்கெட் போய்விடுமே என்று வருத்தப்பட்டார்.

“திடீர்னு ஒரு நாள் அவங்க வர்றதை நிறுத்திட்டாங்க மேடம். சண்டை போட்டுக்கிட்டாங்களோன்னு ரொம்ப நாள் கவலைப்பட்டிருக்கேன். பைத்தியக்காரத்தனம்தான்.”

அவள் கைப்பேசி அடித்தது. மேலாளர்தான். அக்கா கிடைத்தாளா என்று அவர் கேட்பது கடைக்காரருக்கே கேட்டது.

“கிடைச்சுட்டாங்க சார். வெள்ளிக்கிழமை வந்துடுவாங்க” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

“ஏன் மேடம் பொய் சொல்றீங்க? எனக்கு அக்கா ஏது?” என்றார் அவர், பதறிப்போய்.

“நாங்க சண்டையெல்லாம் போடலை. அவனுக்குக் காய்ச்சல் வந்தது, ஒரே வாரத்துல போயிட்டான்” என்றாள் அவள். “அப்புறம் அந்தச் சுவர்ல தனியா உக்கார எனக்கு மனசு வரலை.”