ஓமத்தண்ணீர்

வெளிநாட்டுப் பட்டத்துக்கு அங்கீகாரம் கிடைக்கும்வரை, படித்தது ஞாபகத்தில் இருக்கக்கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம். நாகர்கோவிலில் இதய மருத்துவராக இருந்த ஜெசிந்தாவுக்கும் விமான நிலையத்திலேயே காதுக்குப் பின்னால் பொட்டுபோல ஒன்றை ஒட்டினார்கள். படித்த மருத்துவமெல்லாம் அதோடு மறந்துபோனது.

போன மாதம் சாப்பாட்டுக்கு நடுவில் கணவர் எட்வின் எழுந்துவிட்டார். "நெஞ்சை அடைக்குது ஜெசி. இடது கையும் வலிக்குது."

"கிழங்கு சாப்பிட்டீங்கல்லா, வாயுவாத்தான் இருக்கும்" என்று ஓமத்தண்ணீர் கொதிக்க வைத்தாள். அது ஆறுவதற்குள் அவர் போய்விட்டார்.

இன்று அங்கீகாரம் வந்தது. பொட்டை எடுத்த அதிகாரி, "எல்லாம் ஞாபகம் வருகிறதா, டாக்டர்?" என்று கேட்டார்.

வந்தது. ஊரில் நோயாளிகளின் மனைவிமாரிடம் தினமும் அவள் சொன்னதுதான் முதலில் வந்தது: "வாயுன்னு நெனச்சு வீட்டுலயே வச்சிருக்காதீங்கம்மா."