காதில் மினுங்கிய கருவி

ஜெர்மன் மொழிப்பள்ளியில் எல்லோரும் சிரித்துக்கொண்டே இருந்ததுதான் செல்லக்கிளிக்கு உறுத்தியது. ஆறாம் வகுப்பில் சேர்ந்த மூன்றே மாதத்தில் பிள்ளைகள் ஜெர்மன்காரர்களைப் போலவே பேசுவார்களாம்.

"அப்படி என்னதான் பண்றாங்க?" என்று முணுமுணுத்தாள்.

"எதைப் பார்த்தாலும் சந்தேகமா? நம்ம தெரு கார்ப்பரேஷன் ஸ்கூல்ல என்ன இருக்கு? நம்ம பொண்ண இங்கயே சேத்துடலாம்," என்றான் கணவன் மாதவராஜ்.

மைதானத்தில் காத்திருந்த தாய்மார்கள் எல்லோர் காதிலும் சின்னக் கருவி ஒன்று மினுங்கியது.

"இது எதுக்குங்க?" என்று பக்கத்திலிருந்தவளைக் கேட்டாள் செல்லக்கிளி.

"பிள்ளைய சேத்தா இலவசமா தர்றாங்க," என்று அவளும் சிரித்தாள்.

அதற்குள் அந்தப் பெண்ணின் மகள், முழங்காலில் ரத்தம் வழிய ஓடிவந்து, ஜெர்மனில் ஏதோ சொல்லிக் கதறினாள்.

"எங்க வலிக்குது கண்ணு?"

சிறுமி தாயின் தமிழ் ஒன்றும் புரியாமல் விழித்தாள். தாய் பதறிப்போய்க் காதுக்கருவியைத் தட்டிப் பார்த்தாள்.

"ஐயோ, சார்ஜ் போயிடுச்சே! மிஸ், கொஞ்சம் வாங்களேன்! எம்புள்ள என்ன சொல்றா?"

மாதவராஜ் தன் மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"கார்ப்பரேஷன் ஸ்கூல் இந்நேரம் திறந்திருக்குமா?" என்றான்.