புதன்கிழமைக் கடிதம்

எண்பத்தோராம் ஆண்டு வன்னியில அந்தச் சின்னத் தபால் கந்தோருக்குப் பொறுப்பாய்ப் போன முதல் கிழமையே எனக்குப் பொல்லாத கோபம்.

புதன்கிழமை காலமை ஒரு புருசனும் பெண்சாதியும் வந்து நிண்டினம். மாயாண்டி, ராக்காயி. எழுபத்தேழு இனக்கலவரத்தில மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலயிருந்து உடுத்த உடுப்போட ஓடிவந்து, நெடுங்கேணிக்கு அங்கால காடு வெட்டிப் பயிர் செய்யிற, ஒரு நாட்டுக் குடியுரிமையும் இல்லாத சனம்.

"கடுதாசி ஏதாச்சும் வந்துச்சுங்களா, ஐயா?"

"என்ன கடிதம்?"

"முடிவுக் கடுதாசிங்க. நான் இந்தியாவுல குடியேற எழுதிப் போட்டேன். இவ இந்த நாட்டுலயே இருக்க எழுதிப் போட்டா. ரெண்டுல ஒண்ணு கெடைச்சாலும் மத்தவங்க கூடவே ஒட்டிக்கலாம்னு தோட்டத்துல ஒருத்தர் சொன்னாருங்க."

"எப்ப எழுதினது?"

"ஆச்சுங்க, பத்து வருசம்."

பத்து வருசம்!

"முந்தின போஸ்ட்மாஸ்டர் இளையதம்பியர் என்ன சொன்னவர்?"

"வரலைன்னு சொல்லுவாருங்க. நாங்க வாராவாரம் வந்து கேப்போம்."

ராக்காயி சீலைத் தலைப்பை அவிழ்த்து ஒரு பொட்டலம் பயறை மேசையில வைச்சாள். "அவருக்கும் குடுப்போமுங்க."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இத்தனை வருசமாய் இந்தப் பாவங்களிட்டப் பயறு வாங்கித் திண்டு, 'வரேல்லை' எண்ட ஒரு சொல்லோட அனுப்பியிருக்கிறார் மனுசன்!

"இந்த லஞ்சம் கிஞ்சம் என்னட்டச் சரிவராது. எடு அதை," எண்டன்.

அண்டைக்கே கொழும்பில இந்தியக் குடியுரிமைக்கும் இலங்கைக் குடியுரிமைக்குமாய் இருந்த ரெண்டு கந்தோருக்கும் இங்கிலீசில காரமாய் எழுதிப் போட்டன். அடுத்த புதன் பெருமையாய்ச் சொன்னன்.

"இனி யோசிக்காதேங்கோ. உங்கட முடிவைக் கேட்டு எழுதிப்போட்டன். பதில் வந்தவுடன ரெண்டு பேரையும் ஒண்டா நிக்கவைச்சு நானே வாசிச்சுக் காட்டுறன்."

மாயாண்டியின்ர முகம் செத்துப் போச்சு. ராக்காயி நிலத்தைப் பார்த்தாள்.

"எதுக்குங்கய்யா ஒங்களுக்குச் செரமம்? வர்றப்ப வரட்டுமுங்க," எண்டான் அவன்.

"ஆமாங்க, அவசரமில்லீங்க," எண்டாள் அவள்.

எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. பத்து வருசம் காத்துக்கொண்டிருக்கிற சனத்துக்கு அவசரமில்லையாம்! உதவி செய்யப் போனால் இப்பிடித்தான் எண்டு வாய்க்குள்ள புறுபுறுத்தன்.

அண்டைக்குப் பின்னேரம் அலுமாரியில கிடந்த பழைய பதிவுத்தபால் கொப்பியைப் பிரட்டினன். ரெண்டு வருசத்துக்கு முந்தியே மாயாண்டிக்கு ஒரு கடிதம் வந்திருக்கு. பக்கத்தில கைநாட்டு. ஒரு மாசம் கழிச்சு ராக்காயிக்கு ஒண்டு. அதுக்கும் கைநாட்டு.

ஆரின்ர கைநாட்டு? பயறு திண்ட கள்ளன் கடிதத்தையும் விழுங்கிப்போட்டானோ?

சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரை நெடுங்கேணியில இளையதம்பியர் வீட்டை போனன். மனுசன் கதிரையில இருந்து வெத்திலை போட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த ரெண்டு கடிதத்துக்கும் என்ன நடந்தது? சொல்லாட்டி மேலிடத்துக்கு எழுதுவன்."

"இரும் தம்பி, ஆறுதலாய்க் கதையும். ரெண்டும் அவையளின்ர கையிலதான் குடுத்தனான்."

"பிறகேன் வந்து கேக்கினம்?"

அவர் வெத்திலையைத் துப்பிப்போட்டு வந்தார்.

"முதல்ல மாயாண்டியைக் கூப்பிட்டுக் குடுத்தன். தனியத்தான் வந்தவன். வாசிக்கத் தெரியாது, நான்தான் வாசிச்சன். அவனுக்கு இந்தியக் குடியுரிமை சரி. 'ராக்காயிக்குச் சொல்லிப்போடாதேங்கோ' எண்டு காலைப் பிடிச்சான். அடுத்த மாசம் அவள் தனிய வந்தாள். அவளுக்கு இலங்கை சரி. 'அந்த மனுசனுக்குச் சொல்லாதேங்கோ' எண்டு அவளும் அழுதாள்."

"அப்ப ஒராள் மற்றவரோட சேர்ந்து போகேலாதோ?"

"எப்பிடிப் போறது? தோட்டத்துக் கோயில்ல தாலி கட்டினதோட சரி, பதிவு இல்லை. கடதாசியில அவையள் புருசன் பெண்சாதியே இல்லைத் தம்பி. வாசிக்கேக்கையே ரெண்டு பேருக்கும் அதையும் சொன்னனான். அவன் கப்பலேற வேணும், அவள் இங்க நிக்கவேணும்."

"அப்ப புதன்கிழமை..."

"வராட்டி மற்றவருக்குச் சந்தேகம் வந்திடுமெண்டு ரெண்டு பேரும் வருகினம். முடிவு வராத மட்டும்தானே ஒரு குடிசையில இருக்கலாம்? நான் 'வரேல்லை' எண்டால் ஒரு கிழமைக்கு நிம்மதி. அந்தச் சந்தோசத்திலதான் பயறு தாறவை." என்னை உற்றுப் பார்த்தார். "நீர் ஒண்டும் எழுதிக்கிழுதிப் போடேல்லையே?"

நான் தலையைக் குனிஞ்சுகொண்டு சைக்கிளை எடுத்தன்.

மூண்டாம் கிழமை, செவ்வாய்க்கிழமை, ரெண்டு கந்தோரிலயிருந்தும் பதில் வந்திட்டுது. முடிவு எப்பவோ அனுப்பியாச்சாம். மாயாண்டி ஏன் இன்னும் கப்பலேறேல்லை, ஆள் இப்ப எங்க எண்டு என்னட்டையே திருப்பிக் கேட்டிருந்தினம்.

என்ர முட்டாள்தனத்தை நினைச்சு எனக்கு அழுகை வந்தது. ஒரு பொய்யும் சொல்லாத உத்தியோகத்தன் எண்டு மார்தட்டின நான், 'அந்த ஆள் ஊரை விட்டுப் போய்விட்டார், இடம் தெரியாது' எண்டு எழுதி, முத்திரை ஒட்டிப் பையில போட்டன்.

புதன்கிழமை வந்தினம்.

"கடுதாசி ஏதாச்சும் வந்துச்சுங்களா, ஐயா?" மாயாண்டிதான் கேட்டான். ராக்காயி என்ர வாயையே பார்த்துக்கொண்டு நிண்டாள்.

"இல்லை," எண்டன். "ஒண்டும் வரேல்லை."

ராக்காயி சீலைத் தலைப்பை அவிழ்த்து, பயந்து பயந்து பயறுப் பொட்டலத்தை நீட்டினாள். நான் ரெண்டு கையாலயும் வாங்கினன்.

"வாற புதனும் வாங்கோ," எண்டன். "ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கோ."