இடைவேளைப் படம்

“மழையெண்டால் அப்பிடியொரு மழை. பஸ் ஸ்ராண்டிலை அவள் தனிய நிக்கிறாள். பஸ் வரக் காணேல்லை. அப்ப பார், தூரத்திலை ஒரு கார் வருது!” என்றாள் குணலட்சுமி.

வகுப்பில் மூன்றாம் வரிசை வாங்கைச் சுற்றி இருந்த பத்தாம் வகுப்புப் பெண்கள், சாப்பாட்டுப் பெட்டிகளைத் திறந்தபடி வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள். படம் பார்க்க வீட்டில் விடாத அவர்களுக்கெல்லாம் குணலட்சுமிதான் தியேட்டர். சனிக்கிழமைகளில் அவளை அவளுடைய அண்ணை காரில் கூட்டிக்கொண்டுபோய் மற்றினிப் படம் காட்டுவான். திங்கட்கிழமை இடைவேளைக்குள் அவள் அதை வகுப்பில் ஓட்டி முடித்துவிடுவாள்.

இன்று அந்த வட்டத்துக்குள் கனகாம்பிகைக்கும் ஓர் இடம் கிடைத்திருந்தது. கடற்கரைப் பக்கத்துக் கொழும்புத்துறையிலிருந்து இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்த நாளிலிருந்து அவள் கடைசி வாங்கில் தனியாகத்தான் சாப்பிட்டாள். “மீன் மணக்குது” என்று மூக்கைப் பொத்திய செல்வநாயகியே இன்று காலையில் வந்து, “எங்களோடை இருந்து சாப்பிடன்,” என்று கையைப் பிடித்து இழுத்திருந்தாள்.

இந்த இடம் நாளைக்கும் இருக்க வேண்டும். கனகாம்பிகைக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

சாப்பாட்டுப் பெட்டியின் மூடியை மடிக்குள் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். அதில் மூன்று நீலக் கோடுகள் இருந்தன. கடற்கரையில் சாமான்கள் மாறிப்போகாமல் இருக்க வீட்டுக்கு வீடு ஒரு குறி உண்டு. வள்ளத்துக்குப் பூசி மிஞ்சிய பெயின்ரால் அவளுடைய தகப்பன் வீட்டிலுள்ள எல்லாவற்றிலும் அந்தக் கோடுகளை இழுத்துவிடுவார். மற்றப் பெண்களின் பெட்டிகளில் அப்படி ஒன்றும் இல்லை.

“என்னடி, காலமை பின்னலெல்லாம் சொட்டச் சொட்ட வந்தாய்? குடை இல்லையோ?” என்று செல்வநாயகி கேட்டாள்.

“வீட்டிலை மறந்திட்டன்.”

“கதையைக் குழப்பாதையுங்கோ,” என்று அதட்டினாள் குணலட்சுமி. “கார் கிட்ட வந்திட்டுது. அவள் கையைக் காட்டி மறிச்சாள்.”

“அவனாத்தான் நிப்பாட்டியிருப்பான்,” என்றாள் கனகாம்பிகை.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஏன், நீ படம் பாத்தனியோ?”

“இல்லை... படங்களிலை அப்பிடித்தானே வாறது.”

“பாக்காத ஆக்கள் வாயை மூடிக்கொண்டு கேக்கவேணும்,” என்றாள் குணலட்சுமி. வட்டம் கொல்லென்று சிரித்தது. கனகாம்பிகையும் சேர்ந்து சிரித்தாள்.

“படத்தின்ரை பேர் என்னடி?” என்று மகாதேவி கேட்டாள்.

“இந்தப் படத்துக்குக் கடைசியிலைதான் பேர் போடுவினம். கேளுங்கோவன். அவள் போய் முன் சீற்றிலை ஏறி இருந்தாள்.”

“முன் சீற்றிலையோ! யேசுவே!” என்று சிலுவை போட்டுக்கொண்டாள் யோசப்பின்.

“அவன் சொல்லுறான், ‘பயப்பிடாதையும், நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்’ எண்டு. வீட்டு ஒழுங்கை முடக்கிலை இறக்கி விட்டிட்டான். இறங்கின அவசரத்திலை அவள் ஒரு சாமானைக் காருக்குள்ளை விட்டிட்டுப் போட்டாள்.”

“என்ன சாமான்?”

“அதுதானடி கடைசிக் காட்சி.”

“அவன் ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ?”

“எங்கை? அண்டைக்கு இரவே சொல்லிப்போட்டான். சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னவன். உப்பிடியான பெட்டையள் கை காட்டினால் ஆர்தான் நிப்பாட்டான் எண்டு கேட்டவன்.”

கனகாம்பிகை தண்ணீர்ப் போத்தலை எடுத்தாள். பாதிப் பிட்டோடு பெட்டியைத் தள்ளி வைத்தாள்.

படத்தின் முடிவுக்கு முன்னால் கதாநாயகிக்குத் தீர்ப்புச் சொல்வது அந்த வட்டத்தின் வழக்கம். நல்லவளா, கூடாதவளா என்று ஒவ்வொருத்தியும் சொல்ல வேண்டும்.

“பாவம். மழைதானே,” என்றாள் மகாதேவி மெல்ல.

“மழையெண்டால் ஆற்றை காரிலையும் ஏறுறதோ? நல்ல கதை!” என்றாள் செல்வநாயகி.

“பொறுங்கோ. இண்டைக்குப் புதுசா வந்தவ சொல்லட்டும்,” என்றாள் குணலட்சுமி.

எல்லாக் கண்களும் கனகாம்பிகையின் முகத்தில் வந்து நின்றன. பாவம் என்ற சொல் அவளுடைய நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் தன்னையும் ஒரு மாதிரி நினைத்துவிடுவார்கள். நாளைக்குப் பழையபடி கடைசி வாங்குதான்.

“அவள் கூடாதவள்,” என்றாள். குரல் அவள் நினைத்ததைவிட உரத்து வந்தது. “உப்பிடியானவையைப் பள்ளிக்கூடத்திலை வைச்சிருக்கக் கூடாது. ஒருத்தரும் பக்கத்திலை இருக்கவும் கூடாது.”

இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை.

செல்வநாயகி தன் சாப்பாட்டுப் பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு போய் அடுத்த வாங்கில் இருந்தாள். யோசப்பினும் எழும்பிப் போனாள். மகாதேவி தலையைக் குனிந்தபடி கடைசியாக எழுந்தாள்.

“என்னடி, எல்லாரும் போறியள்? படம் முடிஞ்சுதோ?” கனகாம்பிகை சிரிக்கப் பார்த்தாள்.

குணலட்சுமி குனிந்து வாங்குக்கு அடியிலிருந்து ஒரு குடையை எடுத்து அவளுக்கு முன்னால் வைத்தாள். கைபிடியில் மூன்று நீலக் கோடுகள் இருந்தன.

“இந்தா, அண்ணை குடுக்கச் சொன்னவர்.”